தாளிக்காத குழம்பும் அத்தையின் வலது கண்ணும்

போன மாதம் குப்பத்தில் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். காலையில் போய் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். எனக்கும் ஊருக்கும் இப்போது பத்தரை மணி நேர வித்தியாசம். தூங்காமல் காத்திருந்து போன் போட்டால், எடுத்தது அம்மா இல்லை, பக்கத்து வீட்டு அக்கா. கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னென்ன சாப்பிடக்கூடாது என்ற பட்டியல்தான் வந்தது. புளி கூடாது. கத்தரிக்காய் கூடாது. மீன், கருவாடு, முட்டை மூச்சு விடக்கூடாது. வேர்க்கடலை கூடாது. தாளித்தது கூடாது, அந்த வாசனையே ஆகாது.

"அப்புறம் என்னதான் சாப்பிடுறாங்க?"

"கஞ்சி குடிக்கறாங்கப்பா. ஒரு மண்டலம் போவட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

டாக்டர் கொடுத்த சீட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் படக்கூடாது, கசக்கக்கூடாது, சொட்டு மருந்து இத்தனை வேளை, சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைக்கவும். அவ்வளவுதான். கத்தரிக்காயைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. நடுவில் மாமா பையன் வேறு லைனில் வந்து, அமெரிக்காவில் கண்ணுக்கென்று ஒரு வைட்டமின் மாத்திரை விற்கிறார்களாமே, நான்கு பாட்டில் வாங்கி அனுப்பு என்றான். அந்த மாத்திரை விழித்திரைத் தேய்மானம் நடுக்கட்டத்துக்கு வந்துவிட்டவர்களுக்கு. 2001ல் அமெரிக்க அரசின் பெரிய ஆய்வு ஒன்று, அந்த வியாதி முற்றுவதை அது ஓரளவு தள்ளிப்போடுகிறது என்று சொன்னது. கண்புரைக்குப் பயனில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. இதை அவனுக்குப் புரியவைக்க இருபது நிமிடம் ஆனது. இன்னும் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இத்தனை களேபரத்திலும் அதே வீட்டில் இருக்கும் அத்தை மட்டும் வாயே திறக்கவில்லை. அப்பாவின் அக்கா. பத்தியம் என்ற பேச்சு வந்தாலே எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவார். அவருடைய வலது கண்ணில் பூ விழுந்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இந்தக் கதையை எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டிப் பிழைக்கிறவன். பள்ளிக்கூடத்தில் பாதி தெலுங்கு, வீட்டில் தமிழ், சந்தையில் கன்னடம் என்று வளர்ந்ததால் என் தமிழில் கொஞ்சம் குப்பம் வாடை அடிக்கும். பொறுத்துக்கொள்ளவும்.

1954. ஆந்திர மாநிலம் பிரிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அத்தைக்கு அப்போது மூன்று வயது. மே மாதம் கங்கம்மா ஜாத்திரை முடிந்த கையோடு தெருவில் அம்மை போட்டது. பெரியம்மை இல்லை, தட்டம்மை. ஆனால் எங்கள் பக்கத்தில் எல்லாமே அம்மாதான். அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்றால் வாசலில் வேப்பிலை, வீட்டில் தாளிப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது, நெய் கிடையாது, கவுச்சி கிடையாது. பிள்ளைக்குக் கேழ்வரகுக் கூழும் அரிசிக் கஞ்சியும். மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை இதுதான். பேதியும் சேர்ந்துகொண்டது. அதனால் கூழிலும் பாதியைக் குறைத்தார்கள்.

பத்தாம் நாளோ என்னவோ, ராத்திரி பசியில் பிள்ளை கத்து கத்தென்று கத்தியிருக்கிறது. கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்கிறது, விளக்கைப் பார்த்தால் அலறுகிறது. ஆயாவுக்கு மனசு கேட்கவில்லை. யாருக்கும் தெரியாமல் ஒரு உருண்டை சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து ஊட்டிவிட்டாள். மறுநாள் காலை பார்த்தால் வலது கண்ணின் கருவிழி வெள்ளையாகக் குழைந்து கிடந்தது.

அதற்கப்புறம் நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். ஆயாவே வாயை விட்டுச் சொல்லியிருக்கிறாள். பத்தியத்தை மீறினாள், அம்மா கண்ணை எடுத்துக்கொண்டாள் என்று மாமியார் சொல்ல, தெரு சொல்ல, கடைசியில் அவளும் அதையே நம்பிவிட்டாள். கங்கம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு, இனி நெய்யைத் தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டாள். 1996ல் அவள் சாகும்வரை நெய் போட்ட எதையும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தீபாவளிக்கு எங்களுக்கெல்லாம் லட்டு பிடித்துக் கொடுத்துவிட்டுத் தனக்கு மட்டும் இரண்டு முறுக்கு எடுத்து வைத்துக்கொள்வாள். சின்ன வயதில் அவளுக்கு இனிப்பு பிடிக்காது போல என்று நினைத்திருந்தேன்.

நிற்க. இப்போது நான் இருக்கும் ஊருக்கு வருகிறேன். மாடிசன், விஸ்கான்சின் மாநிலத்தின் தலைநகரம். மாடும் பாலும் வெண்ணெயும் இங்கே மதம் மாதிரி. வெண்ணெய்க்குப் போட்டியாக வந்த மார்ஜரினில் மஞ்சள் நிறம் சேர்க்கக்கூடாது என்று சட்டம் போட்டு 1967 வரை கட்டிக் காத்தவர்கள். பல்கலைக்கழகத்தின் விவசாயப் பகுதி என் ஆபீசுக்குப் போகும் வழியில்தான். அத்தையின் கண்ணுக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் உண்டு என்பது இங்கே வந்து பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

1907ல் இங்கே பசுங்கிடேரிகளை வைத்து ஒரு சோதனை தொடங்கினார்கள். ஒரு கூட்டத்துக்கு மக்காச்சோளம் மட்டும், ஒன்றுக்குக் கோதுமை மட்டும், ஒன்றுக்கு ஓட்ஸ் மட்டும். இன்னொன்றுக்கு மூன்றும் கலந்து. ரசாயனக் கணக்குப்படி எல்லாத் தீனியும் சமம். ஆனால் சோளம் தின்றவை கொழுகொழுவென்று இருந்தன, கோதுமை தின்றவை இளைத்துப்போய் அவை ஈன்ற கன்றுகள் பிழைக்கவில்லை. கணக்கில் வராத ஏதோ ஒன்று சோளத்தில் இருக்கிறது. அது என்ன என்று கண்டுபிடிக்கும் வேலை எல்மர் மெக்காலம் என்ற இளைஞர் தலையில் விழுந்தது. மாட்டை வைத்துக்கொண்டு மாரடித்தால் ஆயுள் போதாது என்று அவர் எலிக்கு மாறினார். எலி விவசாயத்துக்கு எதிரி, அதற்குப் பணம் தரமுடியாது என்று மேலிடம் கையை விரிக்க, சிகாகோவில் ஒரு வியாபாரியிடம் 6 டாலருக்கு 12 வெள்ளை எலி வாங்கினார். அந்த எலிகளைப் பார்த்துக்கொண்டது மார்கரீட் டேவிஸ் என்ற பெண், பல வருஷம் சம்பளமே இல்லாமல்.

1913ல் இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பன்றிக்கொழுப்போ ஆலிவ் எண்ணெயோ கொடுத்த எலிகள் கொஞ்சநாளில் வளர்ச்சி நின்று போகின்றன. வெண்ணெய்க் கொழுப்போ முட்டை மஞ்சள்கருவில் எடுத்த சத்தோ கொடுத்தால் மறுபடி வளர்கின்றன. அதே வருஷம் ஏல் பல்கலைக்கழகத்தில் ஆஸ்பர்னும் மெண்டலும் இதையே கண்டார்கள். கூடவே, எலிகளின் கண் கெடுவதையும், வெண்ணெய் கொடுத்தால் அது தேறுவதையும் எழுதி வைத்தார்கள். பின்னால் வைட்டமின் ஏ என்று பெயர் பெற்றது இதுதான்.

அதாவது, கண்ணைக் காக்கும் பொருள் உலகத்துக்கு முதலில் தெரியவந்ததே நெய்யின் வழியாகத்தான். ஆயா எதைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தாளோ, அதே நெய்.

இதற்கு முன்னால் யாருக்கும் எதுவும் தெரியாது என்றில்லை. மாலைக்கண்ணுக்கு (தெலுங்கில் ரேச்சீகட்டி) ஆட்டு ஈரலைச் சுட்டுக் கொடுப்பது எங்கள் ஊரில் பாட்டன் காலத்து வைத்தியம். சுஸ்ருத சம்ஹிதையிலும் ஆட்டு ஈரல் வருகிறது, கிரேக்கத்தில் ஹிப்போகிரடீஸ் பெயரால் வழங்கும் நூல்களில் மாட்டு ஈரல் வருகிறது. நம்மிடம் பொன்னாங்கண்ணிக்கு இருக்கும் மரியாதை உங்களுக்கே தெரியும். ஈரல் வைத்தியம் வேலை செய்ததற்குக் காரணம் இருக்கிறது. உடம்பு இந்த வைட்டமினைச் சேமித்து வைக்கும் கிடங்கே ஈரல்தான். 100 கிராம் ஆட்டு ஈரலில் 6,000 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 400 மைக்ரோகிராம்கூட இல்லை. (இதைப் படித்துவிட்டுக் கர்ப்பிணிகள் ஈரலை வெளுத்துக் கட்ட வேண்டாம், அளவுக்கு மீறினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது.)

கண்ணுக்குள் இதற்கு இரண்டு வேலை. விழித்திரையில் மங்கல் வெளிச்சத்தைப் பிடிக்கும் நிறமியைச் செய்ய இது வேண்டும். 1933ல் ஜார்ஜ் வால்ட் விழித்திரையில் இதைக் கண்டுபிடித்தார், 1967ல் நோபல் பரிசு வாங்கினார். குறைந்தால் மாலைக்கண். இரண்டாவது வேலைதான் நம் கதைக்கு முக்கியம். கருவிழியின் மேல்தோல் ஈரமாக, வழவழப்பாக இருக்கவும் புண்பட்டால் மூடிக்கொள்ளவும் இது வேண்டும். இல்லாவிட்டால் முதலில் கண் காயும், வெள்ளை விழியில் சோப்பு நுரை ஒட்டினாற்போல ஒரு புள்ளி தெரியும். அப்புறம் கருவிழி புண்ணாகும். கடைசிக் கட்டத்தில் ஒன்றிரண்டு நாளில் குழைந்துவிடும். அந்தக் கட்டத்துக்கு ஒரு பிள்ளையைச் சட்டென்று தள்ளிவிடுவதில் தட்டம்மைக்கு இணை கிடையாது. காய்ச்சலில் கையிருப்பு வேகமாகக் கரைகிறது, பேதியில் புதிதாக ஏறுவதில்லை, அம்மைக் கிருமியே கருவிழித் தோலைத் தாக்குகிறது. இருக்கிற சத்தெல்லாம் தேவைப்படும் அந்த இரண்டு வாரத்தில்தான் நாம் நெய்யும் முட்டையும் பாலும் நிறுத்துகிறோம்.

நெய் ஊட்டுவதற்கு முன்னாலேயே பிள்ளை வெளிச்சத்தைப் பார்த்து அலறியது என்றேன் அல்லவா? கருவிழி அப்போதே புண்ணாகியிருக்க வேண்டும். சரி, அந்த ஒரு உருண்டை நெய்ச்சோறு ஏதாவது உதவியிருக்குமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஸ்பூன் நெய்யில் பிள்ளைக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். காலியான கிடங்குக்கு அது எம்மாத்திரம்? நெய் கண்ணைக் காப்பாற்றியிருக்காது. பறிக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. 1954ல் இதெல்லாம் புது விஷயமே இல்லை. 1932ல் லண்டனில் ஜோசப் எல்லிசன் என்ற டாக்டர் தட்டம்மை வந்த 600 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, 300 பேருக்கு மட்டும் மீன் எண்ணெயிலிருந்து எடுத்த வைட்டமின் கொடுத்தார். கொடுக்காதவர்களில் 26 பேர் இறந்தார்கள், கொடுத்தவர்களில் 11 பேர். அச்சில் வந்தது, எல்லோரும் மறந்தார்கள். 1980களில்தான் யாரோ தூசு தட்டி எடுத்து, தான்சானியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் மறுபடி செய்துபார்த்து, ஆமாம் உண்மைதான் என்றார்கள்.

லண்டன் தூரம் என்று விட்டுவிடலாம். எழும்பூர்? 1819ல் தொடங்கிய அரசு கண் ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. அதன் தலைமை டாக்டராக இருந்த ரைட் என்ற வெள்ளைக்காரர் தென்னிந்தியக் குழந்தைகளின் கருவிழி குழைவதைப் பற்றி 1922லேயே பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் எழுதினார். ஊட்டி மலையில் குன்னூர்? அங்கே மெக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் போட்டு வளர்த்தார். சீக்கியர் சாப்பாடு தின்ற எலி முதலிடம், மதராஸ் சாப்பாடு தின்ற எலி கடைசி. (பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.) அவருக்குப்பின் 1935ல் அங்கே இயக்குநராக வந்த அய்க்ராய்டு, எழும்பூர் ரைட்டோடு சேர்ந்து, சிவப்புப் பனை எண்ணெய் கொடுத்தே குழந்தைகளின் கருவிழியைத் தேற்றமுடியும் என்று 1937ல் எழுதினார். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு மீன் எண்ணெய் நின்றதும் மதராஸ் அரசே கோழிக்கோட்டில் சுறா ஈரலில் எண்ணெய் எடுக்கத் தொடங்கியது.

குப்பம் ஒன்றும் காட்டுக்குள் இல்லை. பெங்களூர் - மதராஸ் ரயில் பாதையிலேயே இருக்கிறது. எங்கள் ஸ்டேஷனில் ஏறினால் அதே தண்டவாளம் மதராஸில் கொண்டுபோய் விடும், 250 கிலோமீட்டர் சொச்சம். அங்கிருந்து எழும்பூர் கூப்பிடு தூரம். 1922லேயே தெரிந்த ஒரு விஷயம் 1954 வரை அந்த 250 கிலோமீட்டரைத் தாண்டி வரவில்லை.

அத்தையின் இடது கண் பிழைத்ததற்கும் அந்த ரயில்தான் காரணம். கண் போன மூன்றாம் நாள் தாத்தா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காட்பாடியில் இறங்கி வேலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார். வலது கண்ணுக்கு ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். கையில் ஒரு பாட்டில் கொடுத்து, தினம் இவ்வளவு ஊட்டு, முட்டையும் பாலும் கொடு என்று அனுப்பினார்கள். நாற்றம் குடலைப் பிடுங்குமாம். சுறா எண்ணெயாகத்தான் இருக்கவேண்டும். அம்மை இறங்கிய வீட்டில் மீன் எண்ணெயா என்று கொள்ளுப்பாட்டி அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லையாம். தாத்தா அசையவில்லை.

கொல்லையில் முருங்கை மரம் நின்ற வீடுதான் அது. அப்புறம் ஏன் சத்துக் குறைவு என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. முதலாவது, கீரை சின்னப் பிள்ளைக்கு மந்தம் என்று கொடுக்கவே மாட்டார்கள். இரண்டாவது, கீரையில் இருப்பது வைட்டமினாக மாறக்கூடிய கரோட்டின், அது குடலில் ஏறக் கொஞ்சமாவது எண்ணெய் வேண்டும். எண்ணெயைச் சொட்டு எண்ணி விடும் வீடுகளில் கடைந்த கீரை பாதி வீண். 1995ல் இந்தோனேசியாவில் பாலூட்டும் தாய்மாருக்குத் தினமும் கீரை கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று, எதிர்பார்த்த முன்னேற்றமே இல்லை என்று சொல்லி எல்லோரையும் திடுக்கிட வைத்தது. கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து ஏராளம்தான், எங்கள் ஊர்க்காரர்களுக்கு எலும்பு கெட்டி. கண்ணுக்கு அதில் அநேகமாக ஒன்றுமில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குன்னூர் ஆய்வகம் 1958ல் ஹைதராபாதுக்குப் போனது, 1969ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. சேலத்துக்காரர் சி. கோபாலன் தலைமையில் அவர்கள் செய்த சோதனைகளின் பலனாக 1970ல் குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட் வைட்டமின் ஏ கொடுக்கும் தேசியத் திட்டம் வந்தது. நர்சம்மா அங்கன்வாடியில் என் வாயிலும் ஒரு ஸ்பூன் ஊற்றியது லேசாக நினைவிருக்கிறது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி, அரவிந்த் கண் மருத்துவமனையை 11 படுக்கையோடு 1976ல் தொடங்குவதற்கு முன்பே, கண் காய்ந்த குழந்தைகளை அம்மாக்களோடு தங்கவைத்து மலிவான சாப்பாட்டைச் சமைக்கக் கற்றுக்கொடுக்கும் மையம் ஒன்றை நடத்தினார். மருந்து கொடுத்து அனுப்பினால் அதே பிள்ளை அதே கண்ணோடு திரும்பி வருகிறது என்பது அவர் பார்த்த பார்வை. 1990ல் லைலா ரஹ்மதுல்லா குழுவினர் திருச்சிப் பக்கத்தில் 15,419 குழந்தைகளிடம் செய்த ஆய்வில், வாராவாரம் சின்ன அளவு கொடுத்ததிலேயே சாவு பாதிக்கும் கீழே குறைந்தது. பிறகு உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2013ல் வந்தபோது பலன் மிகக் குறைவாகவே தெரிந்தது. சண்டை இன்னும் ஓயவில்லை. கோபாலனே கடைசிக் காலத்தில், சிரப்பை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டைக் கவனியுங்கள் என்ற கட்சியில்தான் இருந்தார். 1985ல் தொடங்கிய பெரிய தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மை ஊசியும் இருந்தது. என்னைக் கேட்டால் பாதிக் கண்களைக் காப்பாற்றியது அந்த ஊசிதான்.

இதையெல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம் சொன்னேன். கிடேரிக் கதையிலிருந்து ஆரம்பித்து எல்லிசன் வரை. போனில் ஒரு சத்தமும் இல்லை, லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அப்போ எங்கம்மா ஊட்டுன நெய்யால இல்லியா?"

"இல்ல அத்தை. அதுக்கு முன்னாடியே கண்ணு கெட்டுப்போச்சு. பத்து நாள் வெறும் கஞ்சி குடிச்சதுலதான் இன்னும் மோசமாச்சு."

"எனக்குக் கல்யாணம் தட்டிப்போன ஒவ்வொரு தரமும் அது சாப்பிடாம படுத்துக்கும்டா. நான்தான் எழுப்பி ஊட்டுவேன்." கொஞ்ச நேரம் கழித்து, "சரி, ரெண்டு பேருமா பாத்து ஒக்காந்து பேசியிருக்கலாம். நீ லேட்டு" என்றார்.

அதற்குமேல் அவர் எதுவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. புதன்கிழமை அம்மாவே கூப்பிட்டார். அத்தை முட்டைக் குழம்பு வைத்தாராம், கடுகு கறிவேப்பிலை எல்லாம் போட்டுத் தாளித்து, மேலே நெய் விட்டு. வாசனை தெருமுனை வரை போயிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா இரண்டு நாளாகப் பேசவில்லையாம்.